தன் முகத்தை மட்டும் பார்த்தவர்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டிருந்தார். பாலில் முக்கி எடுத்தது போல் வெளுத்த முகம். ரோஸ் நிற உதடு. வரிசை தப்பாத பற்கள். யாரோ வசதியான வீட்டம்மா என்று நினைத்துக் கடந்து போனேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கீழே இருந்த 'ஓவிய ஆசிரியை, ஓய்வு' என்ற வரி மண்டையில் ஏறியது. திரும்பி வந்து பெயரைப் படித்தேன். என் டிராயிங் டீச்சர்.

பேனருக்குக் கீழே அவருடைய அண்ணன் மகன் நின்றிருந்தார். நாற்பது வயதுக்காரர். வருகிறவர்களுக்கெல்லாம் கை கூப்பிக்கொண்டிருந்தார்.

"இது யாருங்க?" என்று கேட்டேன்.

"எங்க அத்தைதாங்க."

"அவங்க இப்டி இருக்க மாட்டாங்களே."

"போட்டோ ரொம்ப டல்லா இருந்துச்சுங்க. எந்தப் போட்டோவ எடுத்தாலும் மொறைச்சுக்கினே இருந்தாங்க. டிசைன் பண்றவரு பாத்துட்டு, கொஞ்சம் பளிச்சுனு பண்ணிடலாம்னாரு. சிரிப்பு அவரே வெச்சாரு. நல்லா வந்திருக்கு இல்ல?"

சிரிப்பு வைத்தாராம். பொட்டு வைப்பது மாதிரி.

டீச்சருக்கு இடது இமை பிறவியிலேயே பாதி இறங்கியிருக்கும். பேனரில் இரண்டு கண்ணும் ஒரே அளவாக விழித்தன. வலது கண்ணையே திருப்பிப் போட்டு இடது பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். முகவாயில் இருந்த மருவைத் துடைத்துவிட்டார்கள். தன் முகத்தை அவர் ஆயுள் முழுக்க வரைந்தார். அந்த இமையை ஒரு தடவைகூட அவர் தூக்கி வரைந்தது கிடையாது. அதற்கு ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வர வேண்டியிருந்தது. அதுவும் செத்த பிறகு.

உயிரோடு இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். "பூச்சு."

அதுதான் அவருடைய உச்சபட்ச வசவு. துப்புவது போலச் சொல்வார். கல்யாண ஆல்பம், ஆண்டுவிழா மேடை, தலைமை ஆசிரியையின் பேச்சு, புதிதாக வெள்ளையடித்த பள்ளிச் சுவர் எல்லாமே பூச்சு. எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர்கள். அவர்களைச் சாட்சிக்கு இழுப்பார். "மட்டத் தோலுக்குத்தான் பூச்சு ஜாஸ்தி. நல்ல தோல அப்டியே விட்டுடுவாங்க. சந்தேகம் இருந்தா வீட்ல போய் உங்கப்பாவக் கேளு." நாங்கள் கேட்டோம். அப்பாக்கள் ஆமாம் என்றார்கள். அதற்கப்புறம் பவுடர் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வர எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

எங்களுக்கு அவர் ஏழாம் வகுப்பில் வந்தார். மற்றப் பள்ளிகளில் டிராயிங் பீரியட் என்பது கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்ளும் பீரியட். இவரிடம் கேட்டுப் பார்த்த கணக்கு டீச்சர், "அந்தம்மா கிட்ட போறதுக்கு நாய் கிட்ட போலாம்" என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னதாக எங்கள் காதுவரை வந்தது. முதல் நாளே, "நாளைக்கு ஆளுக்கு ஒரு கண்ணாடி எடுத்துட்டு வாங்க" என்றார். உடைந்த கண்ணாடி, பவுடர் டப்பா மூடியில் ஒட்டிய கண்ணாடி, அண்ணன் ஷேவிங் கண்ணாடி என்று எதையெதையோ கொண்டு போனோம்.

"உங்கள நீங்களே வரைங்க" என்றார்.

வரைந்தோம். எல்லாருக்கும் மீன் மாதிரி கண், கிளி மாதிரி மூக்கு, இடுப்பு வரை முடி. டெஸ்க் டெஸ்க்காக வந்தார்.

"இது யாரு?"

"நான்தான் டீச்சர்."

"உங்க வீட்டுக் காலண்டர்ல இருக்கற லட்சுமி மாதிரி இல்ல இருக்கா? கண்ணாடியப் பாத்து வரைஞ்சியா, காலண்டரப் பாத்து வரைஞ்சியா?"

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். "அழு. அழுதுக்கிட்டே வரை. அப்பவாவது மூஞ்சி உன்னுதா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டெஸ்க்குக்குப் போனார். அடுத்தது நான். எனக்குச் சப்பை மூக்கு. தாளில் நேராக, எடுப்பாக ஒன்றை வைத்திருந்தேன்.

"உன் மூக்க எங்க வெச்சுட்டு வந்த? வீட்லயா? போய் எடுத்துட்டு வா."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கிண்டல் செய்கிறவர்கள் கூடவே சிரித்தால் ஓரளவு தாங்கிக்கொள்ளலாம். இவர் அதையும் தர மாட்டார்.

புகார் போகாமல் இருக்குமா? அம்மாக்கள் வந்தார்கள். "எம் பொண்ண அசிங்கமா வரையச் சொல்றீங்களாமே?" "அசிங்கமாவா? அவ இருக்கற மாதிரிதான வரையச் சொன்னேன்" என்று பதில் சொல்லி, வந்த அம்மாவின் முகத்தையும் ஒரு தடவை ஆராய்ந்து பார்ப்பார். அவ்வளவுதான், புகார் வாபஸ். ஒரே ஒரு தடவைதான் அவர் இறங்கி வந்து பார்த்தேன். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா, தோல் வியாபாரி, பள்ளிக்கு நிறையச் செய்திருக்கிறவர், வந்து மெதுவாகச் சொன்னார். "டீச்சரம்மா, மூஞ்சி வரையறது எங்க வீட்ல வழக்கம் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க." தலைமை ஆசிரியை நடுங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். டீச்சர் யோசிக்கவே இல்லை. "மூஞ்சி எதுக்குங்க? கை இருக்கே" என்றார். அந்தப் பெண் தன் இடது கையையே பத்தாம் வகுப்பு வரை வரைந்தாள். மருதாணி அழிந்த கை, நகம் கடித்த கை, மூடிய கை. "உங்க எல்லார் மூஞ்சியும் சேந்து மொறைக்கறதை விட இந்தக் கை நல்லா மொறைக்குது" என்று டீச்சர் ஒரு நாள் சொன்னார். அவர் வாயால் நான் கேட்ட பெரிய பாராட்டு அதுதான். எனக்குக் கிடைக்கவில்லை என்ற வயிற்றெரிச்சல் இன்றும் கொஞ்சம் உண்டு.

அவரிடம் கனமான ஒரு புத்தகம் இருந்தது. உலகத்தில் பெண் ஓவியர்கள் தங்களைத் தாங்களே வரைந்துகொண்ட படங்கள். மழை நாட்களில் வெளிச்சம் போதாமல் வரைய முடியாதபோது அதை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திட்டுவார். மரியாதையும் திட்டும் அவருக்கு ஒரே குரலில்தான் வரும்.

"அந்தக் காலத்துல அந்த ஊர்லல்லாம் ஆள உக்கார வெச்சு வரையற ரூமுக்குள்ள பொம்பளய விட மாட்டானுங்க. அப்போ அவ யார வரைவா? வீட்ல ஒரு கண்ணாடி இருக்கும். எதுர்ல இவ இருப்பா. காசு கேக்காத மாடல், கால் வலிக்குதுன்னு எழுந்து போகாத மாடல். வரைஞ்சா. தன் மேல ஆசப்பட்டு வரைஞ்சான்னு எழுதி வெச்சிருக்கானுங்க, அறிவு கெட்டவனுங்க. வரைய வேற ஆள் குடுக்கலடா! உங்களுக்கு அறிவு இருக்கா?"

ஒரு பக்கத்தைத் திருப்புவார். "இவளப் பாரு. பட்டு கவுனு, கழுத்துல முத்து, கையில பிரஷ். பட்டு கட்டிக்கினு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா? ஏன் கட்டியிருக்கா? இல்லன்னா வேலைக்காரின்னு நெனச்சுடுவானுங்க. பிரஷ் ஏன் புடிச்சிருக்கா? இல்லன்னா வேற எவனோ வரைஞ்சான்னு சொல்லிடுவானுங்க. ரெண்டுத்துக்கும் பதில் சொல்லியே பாவம் இவ ஆயுசு போச்சு." இன்னொரு படம் எங்கள் கண்ணுக்கு வெறும் பழமும் பாத்திரமுமாகத் தெரிந்தது. லென்ஸைக் கொடுத்து பாத்திரத்தின் வயிற்றைப் பார்க்கச் சொன்னார். அதன் பளபளப்பில் கடுகு அளவுக்கு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். "சொம்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்கினு இருக்கா பாரு. அத விட்டா எங்கதான் நிப்பா?" கடைசியாக ஒரு கிழவியின் படம். சுருக்கம், மூக்குக்கண்ணாடி, வெளிறிய உதடு. அதில் மட்டும் நிறுத்தி வெகுநேரம் பார்ப்பார். பிறகு சொல்வார்: "இவ யாருக்கும் பதில் சொல்லல."

"நம்ம ஊர்ல அந்த மாதிரி யாரும் இல்லியா டீச்சர்?" என்று நான்தான் கேட்டேன்.

"வேலூர் கோட்டைக்குள்ள இருக்கற கோயிலுக்குப் போயிருக்கியா? அந்த மாதிரி எந்தக் கோயில்லயும் போய்ப் பாரு, தூணுக்குத் தூணு ஒருத்தி கண்ணாடியக் கையில வெச்சு மூஞ்சி பாத்துக்கினு நிப்பா. செதுக்குனது ஆம்பள. இடுப்பச் செதுக்குனான், மாரச் செதுக்குனான், கண்ணாடியோட பின்பக்கத்தையும் செதுக்குனான். அந்தக் கண்ணாடில அவ என்னா பாத்தான்னு மட்டும் அவனுக்குத் தெரியாது. நம்ம பொம்பளைங்க வாசல்ல கோலம் போட்டாளுங்க, மூஞ்சி போடல. போட்டிருந்தா மிதிச்சுட்டுப் போயிருப்பானுங்க."

இந்தப் பேச்செல்லாம் பன்னிரண்டு வயதுப் பெண்களுக்கு. புரிந்ததா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் ஒரு படம்தான் காரணம். ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். அவரே சொன்னது இது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு இடம் வந்ததாம். பெண்ணின் போட்டோ கேட்டார்களாம். இவர் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போக மறுத்து, தான் வரைந்த தன் படத்தைச் சுருட்டித் தரகரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். இறங்கிய இமை, மரு, அடர்ந்த புருவம், கறுப்பு, எதுவும் பாக்கியில்லை. தரகர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்.

"பொண்ணு போட்டோ கேட்டா போலீஸ் ஸ்டேஷன் போட்டோ அனுப்பறீங்களேன்னாரு மாப்பிள்ளையோட அப்பா. சரியான ஆளு. அவருக்காவது பாக்கத் தெரிஞ்சிருக்கு" என்றார் டீச்சர். அதிலும் சிரிப்பு இல்லை.

வேலூரில் ஒரு அமைப்பினர் மகளிர் தினத்துக்கு ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். எல்லாம் குடம் தூக்கும் பெண், குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண், தாமரையில் பாதி முகம் தெரியும் பெண். டீச்சரும் தன் படம் ஒன்றை அனுப்பினார். வரவேற்பு மேசை, விளக்கு, பூமாலை எல்லாவற்றையும் தாண்டி, கழிவறைக்குப் போகும் வழியில் அதை மாட்டியிருந்தார்கள். கீழே அச்சடித்த சீட்டு: 'மூதாட்டி'. அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. நானும் உடன் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் கைகழுவிவிட்டு வரும் வழியில் படத்தைப் பார்த்து நின்றார். "நல்ல கேரக்டர் உள்ள மூஞ்சி. இந்தப் பாட்டி எந்த ஊரு?" என்று பக்கத்தில் நின்ற டீச்சரையே கேட்டார். டீச்சர் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தச் சீட்டில் 'மூதாட்டி'யை அடித்துவிட்டு 'நான்' என்று எழுதினார். விருந்தினர் படத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஓவியக் கலை பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு என்று ஏதோ சொல்லிக்கொண்டே நகர்ந்தார்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். அவருடைய அலட்சியம் எனக்கும் தொற்றிக்கொண்டது. உலகத்தில் இரண்டு வகைதான்: பூச்சு பூசுகிறவர்கள், டீச்சர். அப்படித்தான் ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன்.

பிறகு நான் ஊருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்தேன். நூற்றுக்கணக்கில் பெண்கள் வேலை செய்யும் இடம். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. கேன்டீனின் நீளச் சுவரில் வேலை செய்யும் பெண்களைப் படமாக வரைந்து வைக்க வேண்டும் என்று பொது மேலாளருக்கு யோசனை பிறந்தது. சரக்கு வாங்குகிறவர்களுடைய ஊரில் இதெல்லாம் ரொம்பப் பிடிக்குமாம். நான் டீச்சரின் பெயரைச் சொன்னேன். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "உக்கார ஆள் வேணும். ஒவ்வொருத்தியும் அர மணி நேரம் உக்காந்தா போதும்" என்றார்.

"லைன்லேர்ந்து ஒருத்திய எடுத்தாலும் அன்னிக்கு டார்கெட் போயிடும் மேடம்" என்றார் மேலாளர். "ஆள் எதுக்கு? நான் நெட்ல எடுத்து அனுப்பறேன். நல்லா சிரிச்ச மூஞ்சியா நெறைய கெடக்குது."

டீச்சர் அவரை அந்தப் பாதிக் கண்ணால் பார்த்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சுவருக்கு முன்னால் துணி கட்டிக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்தார். மதியம் மணி அடித்ததும் பெண்கள் தூக்குப் பாத்திரத்தோடு கேன்டீனுக்கு வருவார்கள். துணிக்கு இந்தப் பக்கம் சாப்பாடு, பேச்சு, சிரிப்பு. அந்தப் பக்கம் டீச்சர். யாரையும் உள்ளே விடவில்லை. அவரும் வெளியே வரவில்லை.

துணியை எடுத்த அன்று காலை மேலாளரும் நானும்தான் முதலில் பார்த்தோம். சுவரில் ஒன்பது பெண்கள். ஒருத்தி தைக்கிறாள், ஒருத்தி தோலை வெட்டுகிறாள், ஒருத்தி பசை தடவுகிறாள், ஒருத்தி முடிந்த ஷூவைத் தூக்கிப் பார்க்கிறாள். மெஷின், ஊசி, தொப்பி, மேல்கோட்டு எல்லாம் அச்சு அசல். ஒன்பது பேருக்கும் ஒரே முகம். அடர்ந்த புருவம், இறங்கிய இடது இமை, முகவாயில் மரு. ஒன்பது பேரும் வேலையை நிறுத்திவிட்டு நம்மை நேராகப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மேடம் இது? எல்லாம் நீங்களே இருக்கீங்க?" மேலாளருக்குக் குரல் கீச்சிட்டது.

"ஆள் குடுத்தீங்களா? எனக்குக் கெடச்ச மாடல் நான் ஒருத்திதான். அந்தக் காலத்துலயும் குடுக்கல, இன்னிக்கும் குடுக்கல. கண்ணாடி ஒண்ணுதான் மிச்சம்."

"வர்றவங்க பாத்தா இன்னா நெனப்பாங்க? சிரிப்பாவது வையுங்க!"

"சிரிப்பு வர்ற மாதிரி எதுனா பண்ணுங்க. வெக்கறேன்."

எனக்கு உள்ளுக்குள் கும்மாளமாக இருந்தது. மேலாளரின் முகத்தைப் பார்த்து இவ்வளவு திருப்தி அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. பத்து வயதிலிருந்து படம் போட்டுப் பழகியவர் பத்து நொடியில் ஒரு கம்பெனியின் பூச்சைச் சுரண்டிவிட்டார் என்று நினைத்தேன்.

மதிய மணி அடித்தது. பெண்கள் வந்தார்கள். முதலில் வந்தவர்கள் சட்டென்று நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் சிரிப்பு கேட்டது. அப்புறம் அதுவும் அடங்கியது. டீச்சர் சுவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பாராட்டை வாங்கி வேண்டாமென்று தள்ளுவதற்குத் தயாராக இருப்பவரின் நிற்பு அது.

அஞ்சலை என்று ஒருத்தி முன்னால் வந்தாள். ஆலங்காயம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவு. அவள் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

"டீச்சரம்மா, எங்கள வரையறாங்கன்னு ஒரு வாரமா இதே பேச்சா இருந்தோம். எம் பொண்ணுகிட்டல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். நீ இன்னாடான்னா உன்னையே ஒம்போது வாட்டி வரைஞ்சு வெச்சிருக்க. ஏன், எங்களுக்கெல்லாம் மூஞ்சி இல்லியா?"

"உங்கள அனுப்ப மாட்டேன்னுட்டாரு உங்க மேனேஜரு. அவரக் கேளு" என்றார் டீச்சர்.

"அவரு கெடக்கறாரு. நாங்க தெனம் இங்கதான வந்து சோறு துன்றோம்? அந்தத் துணிய இப்டி நவுத்தினா நூறு மூஞ்சி தெரியும். ஒரு வாரத்துல ஒரு வாட்டி திரும்பிப் பாத்தியா?"

டீச்சர் வாயைத் திறந்தார். எனக்குப் பழக்கமான அந்த வெட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த நொடியில் அவர் முகத்தில் இருந்ததை அவர் எந்தப் படத்திலும் போட்டதில்லை.

ஊரெல்லாம் குருடு என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று எங்களை அழவைத்தவர். பார்த்தார்தான், யாரும் பார்க்காத மாதிரி பார்த்தார். ஆனால் பார்த்தது எல்லாம் ஒரே ஒரு முகம். இது எனக்கு ஏன் அவ்வளவு நாள் தோன்றவில்லை? அஞ்சலைக்குத் தோன்ற ஒரு சாப்பாட்டு வேளை போதுமானதாக இருந்தது.

மறுநாள் மதியம் டீச்சர் வந்து கேன்டீனுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துணி இல்லை. சாப்பிடுகிற அஞ்சலையையே பார்த்தார். அஞ்சலை முதலில் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள். பிறகு, "பாரு, நல்லாப் பாரு" என்று மறைப்பை எடுத்துவிட்டுச் சாப்பிட்டாள். மணி அடித்து அவள் போனதும் டீச்சர் சுவருக்குப் போனார். தையல் மெஷின் முன்னால் இருந்த தன் முகத்தின் மேல் வண்ணத்தை அடித்து மூடினார். அன்று மாலைக்குள் அந்த உடம்புக்கு அஞ்சலையின் முகம் வந்துவிட்டது. ஒடுங்கிய கன்னம், மேல்வரிசைப் பல் லேசாகத் தூக்கிய வாய், இரண்டு கண்ணுக்கும் நடுவில் கத்தி கீறினாற்போல் ஒரு கோடு. சும்மா சொல்லக் கூடாது, உயிரோடு இருந்தது.

ஷிப்ட் முடிந்து அஞ்சலை வந்து பார்த்தாள். டீச்சர் முந்திக்கொண்டார். "இன்னா, கலரா போடணுமா?" பழைய குத்தல் திரும்பியிருந்தது.

"கலர் கெடக்குது. என் கலரு எனக்குத் தெரியாதா?" அஞ்சலை கிட்டப் போய் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். "ஓட்டையக் கூட வரைஞ்சிருக்க. மூக்குத்தியக் காணோமே?"

லைனுக்குள் நகை எதுவும் போடக் கூடாது என்பது கம்பெனி விதி. அதை எழுதிய பலகை என் அறைக்கு வெளியேதான் தொங்கியது. காலையில் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, சாயங்காலம் மாட்டிக்கொண்டு போவார்கள். இப்போது அஞ்சலையின் மூக்கில் அது இருந்தது. பெரிய, பழைய மோஸ்தர் மூக்குத்தி.

"நான் பாக்கும்போது அது இல்ல. பாத்ததத்தான் வரைவேன்" என்றார் டீச்சர்.

"நீ பாத்தது கம்பெனி மூஞ்சி. வீட்டுக் கண்ணாடில நான் பாக்கறது இது."

டீச்சர் அவளை வெகுநேரம் பார்த்தார். நாங்கள் மூவர்தான் நின்றிருந்தோம். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மெஷின்களின் பளபளப்புக்காக வாங்கிய தங்க நிற எனாமல் டப்பாவைத் திறந்து, சின்ன பிரஷ் ஒன்றை நனைத்து, அஞ்சலையிடம் நீட்டினார்.

"நீயே வெச்சுக்க."

"ஐயோ, எனக்கு எங்க வரும்?"

"ஊசி கோக்கத் தெரியுது இல்ல? வெய்யி."

அஞ்சலை மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷைச் சுவரில் அழுத்தினாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது.

"பெருசாயிடுச்சு" என்றார் டீச்சர்.

"பெருசுதான்" என்று சொல்லிவிட்டு அஞ்சலை பஸ்ஸுக்கு ஓடினாள்.

டீச்சர் வீட்டுக்குப் போன பிறகு மேலாளர் ஆட்களோடு வந்தார். ஃப்ளெக்ஸ் ஒன்றை அடித்து வாங்கி வைத்திருந்தார். தூய வெள்ளைத் தொப்பியும் தூய வெள்ளைப் பற்களுமாக வரிசையாகப் பெண்கள். அவர்களில் ஒருத்தியும் வாழ்நாளில் தோல் நாற்றத்தை முகர்ந்தவளாகத் தெரியவில்லை. அதைச் சுவர் முழுக்க இழுத்துக் கட்டினார்கள். மறுநாள் விருந்தினர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணி அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று, அதைப் போலவே பல் தெரியச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார். மேலாளர் எனக்குக் கை கொடுத்தார்.

அன்று சாயங்காலம் டீச்சர் போன் செய்தார்.

"மூடிட்டானுங்களா?"

"மூடிட்டாங்க டீச்சர். நேத்தே."

"நேத்து எப்போ?"

"நீங்க போன கொஞ்ச நேரத்துல."

தன்னுடைய எட்டு முகங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. "எனாமல் காய ஒரு நாள் ஆகும். போய்ப் பாரு" என்றார்.

போனைப் பிடித்துக்கொண்டே கேன்டீனுக்குப் போய், தையல் மெஷின் இருந்த பக்கம் ஃப்ளெக்ஸின் ஓரத்தை அவிழ்த்துத் தூக்கிப் பார்த்தேன். ஃப்ளெக்ஸின் முதுகில் தங்கக் கறை ஒட்டியிருந்தது. சுவரில் அஞ்சலை இருந்தாள். மூக்குத்தியும் இருந்தது, அதிலிருந்து கன்னம் வரைக்கும் ஒரு இழுப்பு.

"கொஞ்சம் ஈஷிக்கிச்சு டீச்சர். கன்னத்துல கோடு மாதிரி வந்திருக்கு. ஞாயித்துக்கெழம கேட்டத் தொறக்கச் சொல்றேன், வந்து சரி பண்ணிடறீங்களா?"

"நான் எதுக்கு?" என்றார் டீச்சர். "அது அவ வரைஞ்சது. அவளக் கேளு."